இருநூற்று ஐம்பத்தாறாவது கூறு

மார்ச் 4, செவ்வாய்

கொசு அறையில் இன்றும் ஒரு முட்டை இல்லை. பழி என் விளக்கின் மேல். ஆராய்ச்சிக்காகக் கொசு வளர்க்கும் ம்வானைடி, இயக்குநர் கிசாங்காவின் முன்னாலேயே சொல்கிறாள்: "இந்த ஃபுண்டி செஞ்ச ராத்திரி ராத்திரியே இல்ல சார். இருட்டு முழுசா விழலேன்னா பொட்டைக் கொசு ரத்தம் குடிக்க வராது."

ஃபுண்டியாம்! இந்தக் கிலோசா ஊரில் ஓட்டை வாளி அடைப்பவனும் ஃபுண்டிதான். நான் தார் எஸ் சலாமில் நான்கு வருடம் மின்னணுவியல் படித்தவன்.

மார்ச் 5

நாங்கள் பகலில் வேலை பார்ப்பதற்காக, அந்த அறைக்கு மட்டும் காலை பதினொரு மணிக்கு இரவு. விளக்கைப் படிப்படியாக மங்கவைத்து அணைப்பது நான் செய்த மின்சுற்றுப் பலகை. வெயிலிலிருந்து நேராக உள்ளே போய் நின்றேன். என் கையே எனக்குத் தெரியவில்லை.

"இதுக்கு மேல இருட்டுக்கு எங்க போறது, சுஹுராம்மா?" என்றேன் ம்வானைடியிடம். மகள் பெயரை வைத்து அவளை எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

"வெயில்லேருந்து வந்தா எல்லாமே இருட்டாத்தான் இருக்கும். கால் மணி நேரம் உக்காந்து பாருங்க."

எனக்கு வேறு வேலை இல்லையா? பலகையின் திரையில் வெளிச்சம் 0 என்று காட்டுகிறது. பூஜ்யம் என்றால் பூஜ்யம். படிக்காதவளிடம் என்ன வாதம்!

மார்ச் 11

இயக்குநரிடம் எழுதிக் கொடுத்துவிட்டேன். 'ம்வானைடி நோன்புக் களைப்பில் அறைக் கதவைச் சரியாக மூடுவதில்லை. வெளிச்சம் அங்கிருந்துதான் வருகிறது.' கண்ணால் பார்த்தேனா? இல்லை. வேறு எப்படி வரும்?

மார்ச் 14

ம்வானைடியை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். பதினோரு வருடமாக இருந்தவள். வாசலில் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பார்க்காவிட்டால் போகட்டும்.

மார்ச் 17

"புது ஆள் வர்ற வரைக்கும் நீயே பாத்துக்கோ, லுசேகெலோ" என்கிறார் கிசாங்கா. கொசுவுக்குக் காவல்! இதுவும் என் தலையில்.

மார்ச் 18

கதவை நானே மூடினேன். இடுக்கில் துணியும் அடைத்தேன். உட்கார்ந்தேன். கால் மணி நேரம் கழித்து, கூண்டின் வலை தெரிகிறது. வெள்ளையாக. கண்ணின் மயக்கம் என்று நினைத்து விளக்கின் மேல் சட்டையைப் போட்டேன் — வலை மறைந்தது. எடுத்தேன் — வந்தது. மறுபடி போட்டேன். மறுபடி எடுத்தேன். எத்தனை தடவை என்று தெரியாது.

பிறகு மின்சாரத்தின் ஏற்ற இறக்கத்தைக் கோடாக வரைந்து காட்டும் அலைகாட்டியை மாட்டிப் பார்த்தேன். பலகை விளக்கை மங்கவைப்பது அதை நொடிக்கு ஆயிரம் சுற்று ஏற்றி அணைத்துத்தான். ஒவ்வொரு சுற்றிலும் ஊசி போல ஒரு கோடு. போன மாதமும் அது இருந்தது. இரைச்சல் என்று தள்ளினேன்.

என் பலகையில் விளக்குக்கு எதிர் வேலை: மின்சாரம் உயர்ந்திருக்கும் வரை விளக்கு அணைந்திருக்கும். முழுக்க அணைக்க 255 என்று எழுதுகிறேன். அதுதான் அந்த இடத்தில் அடங்கும் பெரிய எண். ஆனால் சுற்றின் உச்சியையும் 255 என்று வைத்துவிட்டேன். பூஜ்யத்திலிருந்து எண்ணினால் சுற்றுக்கு 256 கூறுகள். 256 ஓட்டைக்கு 255 அடைப்பு! மிச்சமுள்ள அந்த ஒரு கூறில் விளக்கு எரிகிறது, நொடிக்கு ஆயிரம் தடவை. திரை காட்டியது நான் கேட்ட வெளிச்சத்தை. விளக்கு செய்ததை அல்ல. முட்டாளே. முட்டாளே.

மார்ச் 19

உச்சியை 254 ஆக்கினேன். இப்போது சுற்றுக்கு 255 கூறுகள். 255 எழுதினால் முழு இருட்டு, 0 எழுதினால் முழு வெளிச்சம், நடுவில் எந்தப் படியும் போகவில்லை. ஒரே ஒரு இலக்கம். யாரிடமும் சொல்லவில்லை.

மார்ச் 27

முட்டை. தட்டு முழுக்க, கறுப்பாக.

கிசாங்கா எல்லோர் முன்னாலும் கை தட்டினார். "பாத்தீங்களா? அந்தம்மா போச்சு, எல்லாம் சரியாப் போச்சு!" எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

மார்ச் 28

கிசாங்காவிடம் போய், தப்பு என் பலகையில்தான் என்று சொல்லிவிட்டேன்.

"அறிக்கை மேல போயாச்சுப்பா. இப்ப சரி பண்ணிட்டல்ல? விடு."

விடுவதாம். எவ்வளவு சுலபம் இவனுக்கு! இவனுக்கு மட்டுமா?

ஏப்ரல் 2

பெருநாள் கழிந்து அவள் வீட்டுக்குப் போனேன். முறத்தில் அரிசி பொறுக்கிக்கொண்டிருந்தாள். உட்காரச் சொல்லவில்லை. நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன்.

"பெரியவர்ட்ட சொன்னீங்களா?"

"சொன்னேன்."

"எழுதிக் குடுத்தீங்களா?"

இல்லை என்று தலையாட்டினேன்.

"என்னப் பத்தின பொய்ய எழுத்துல குடுத்தீங்க. உங்க தப்ப மட்டும் வாயால சொல்றீங்க. போங்க ஃபுண்டி, எனக்கு வேலை கெடக்கு."

கோபம் வந்தது. பேருந்து நிறுத்தம் வரை அவள் மேல்தான் கோபம்.

ஏப்ரல் 3

எழுதினேன். இரண்டு பக்கம். கதவைப் பற்றி எழுதியது பொய் என்பதே முதல் வரி. இயக்குநருக்கு ஒன்று, அறிக்கை போன இடத்துக்கு ஒன்று. மூன்றாவது நகலை அவள் வீட்டில் கொடுத்தேன். அவள் படிக்கவில்லை, மகள் சுஹுராவைக் கூப்பிட்டு, "சத்தமா படி, பக்கத்து வீட்டுக்கும் கேக்கட்டும்" என்றாள்.

சுஹுரா படித்து முடிக்கும் வரை நின்றேன்.