மெர்சி மைனி ஊசியை நிறுத்திய வீடியோ

என் பிரியமுள்ள மெர்சி மைனிக்கு,

நீங்கள் இறந்து ஒன்பது மாதம் ஆகிறது. போன செவ்வாய்க்கிழமை காலையில் என் போனில் வந்து நின்றீர்கள். அதே நீலக் காட்டன் புடவை, படிய வாரிய தலை, பின்னால் என் கிரைண்டர். "நான் ரிட்டயர்ட் சயின்ஸ் டீச்சர். பதினெட்டு வருஷம் இன்சுலின் போட்டேன். இப்ப ஊசியை நிறுத்தியாச்சு. ரொம்ப நல்லா இருக்கேன்" என்று சிரிக்கிறீர்கள். கீழே யாரோ புதிதாக ஒரு வரி சேர்த்திருக்கிறார்கள்: 'இவர் இன்றும் நலமாக வாழ்ந்துவருகிறார்.'

எனக்கு வந்த ஆத்திரத்தில் கையிலிருந்த மாவு வாளியை அப்படியே தரையில் வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். கட்கி கல்லறைத் தோட்டத்தில் உங்களுக்குக் கல் வைத்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. செத்துப்போன ஒரு மனுஷியை நலமாக வாழ்கிறார் என்று ஊருக்கெல்லாம் அனுப்ப இவர்களுக்கு எப்படி மனசு வருகிறது?

அனுப்பியவள் விமலா. நான் இட்லி மாவு அரைத்துக் கொடுக்கும் வீடுகளில் அவள் வீடும் ஒன்று. கோயம்புத்தூர்ப் பெண், கணவருக்கு ஐ.டி. வேலை. நீங்கள் போன பிறகுதான் விமான் நகருக்குக் குடிவந்தாள், அதனால் உங்களுக்குத் தெரியாது. கூடவே எழுதியிருந்தாள்: "அக்கா, இனி மாவு வேண்டாங்க. பாப்பாவுக்கு அரிசியே நிறுத்தியாச்சு. ஊசியும் இனி இல்லீங்க. இந்த டீச்சரம்மா சொல்றதைப் பாருங்க." பாப்பா என்றால் நிலா. பதினோரு வயது. ஏழு வயதிலிருந்து இன்சுலினில் உயிர் வாழ்கிற பிள்ளை.

உங்கள் மேலும் எனக்குக் கோபம் உண்டு, மைனி. முப்பது வருடம் சயின்ஸ் நடத்தியவர் நீங்கள். வகுப்பில் ஒரு பிள்ளை எதையாவது குத்துமதிப்பாகச் சொல்லிவிட்டால், "ஹௌ டு யூ நோ?" என்று விரலை நீட்டுவீர்களாம், உங்கள் தம்பி டேனியல் இன்றும் அதைச் செய்து காட்டுவார். நம் கட்டடத் தண்ணீர்த் தொட்டியில் விஷம் கலந்திருக்கிறது என்று இங்கிலீஷில் ஒரு ஃபார்வர்டு வந்தபோது, யார் பார்த்தது, எந்த லேபில் சோதித்தது என்று கேட்டு செயலாளரை உண்டு இல்லை என்று ஆக்கினீர்கள். அப்படிப்பட்டவர், ஊசியை நிறுத்தச் சொல்லி வாட்ஸ்அப் குரூப் நடத்துகிற இந்த 'அண்ணனிடம்' மட்டும் ஏன் ஒன்றும் கேட்காமல் இருந்தீர்கள்?

மாதக்கணக்கில் இதை யோசித்திருக்கிறேன். அவன் தமிழில் பேசினான், அதுதான் காரணம். இந்த மராத்திச் சீமையில், கட்கியிலேயே பிறந்து வளர்ந்த உங்களுக்குத் தமிழ் என்றால் அப்பா, ஜெபம், ஞாயிற்றுக்கிழமைக் கறிக்குழம்பு. சந்தேகப்பட்டதெல்லாம் இங்கிலீஷில், சண்டை போட்டதெல்லாம் மராத்தியில். தமிழில் ஒருவரைக் குறுக்குக் கேள்வி கேட்டு உங்களுக்குப் பழக்கமே இல்லை. அவன் அதை எப்படியோ மோப்பம் பிடித்துவிட்டான். காலையில் "சாப்ட்டீங்களா அக்கா?", மதியம் "கொஞ்சம் படுத்தீங்களா அக்கா?" டாக்டர் மூன்று நிமிடத்தில் சீட்டு எழுதி அனுப்பிவிடுவார், இவன் ஒரு மணி நேரம் போனில் உங்கள் கதையைக் கேட்டான். "அப்பா மாதிரியே பேசுறாரு ஸ்டெல்லா" என்றபோது உங்கள் கண் கலங்கியிருந்தது.

நான் பாளையங்கோட்டைக்காரி. தமிழில் பொய் சொல்பவர்களை எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன்! நானாவது விழித்துக்கொண்டிருக்க வேண்டாமா? நீங்கள் வாய் நிறையத் தமிழ் பேசுவதைப் பார்த்து நானும் மயங்கிக் கிடந்தேன். அவன் குரூப்பில் போட வீடியோ கேட்டபோது, அடுப்படியில் உங்களை நிற்க வைத்து எடுத்தவளே நான்தானே.

அவன் பொடியும் கஞ்சியும் நினைவிருக்கிறதா? தலை சுற்றினால் உடம்பிலுள்ள கசடு வெளியேறுகிறது என்பான். கேள்வி கேட்டால் நம்பிக்கை போதவில்லை என்பான். டேனியல் கத்தினால், "வீட்டுக்காரங்கதான் முதல்ல தடுப்பாங்கன்னு சொன்னேன்ல அக்கா?" எது நடந்தாலும் அவன் சொன்னதே சரி என்று ஆகிவிடும்படி முன்கூட்டியே வேலி போட்டு வைத்திருந்தான். ஊசியை நிறுத்திய ஏழாவது வாரம் பாத்ரூம் வாசலில் விழுந்தீர்கள். மூன்றாம் நாள் ஐ.சி.யு.வில் எல்லாம் முடிந்தது.

அடக்கம் முடிந்து வந்து அவனுக்கு எழுதினேன். என்ன பதில் வந்தது தெரியுமா? "டீச்சரம்மா கஞ்சியை நேரத்துக்குக் குடிச்சிருக்க மாட்டாங்க சிஸ்டர்." பத்து நிமிடத்தில் என்னைக் குரூப்பிலிருந்து தூக்கிவிட்டான். ஒரு அனுதாப வார்த்தைகூட இல்லை. நீங்கள் செத்ததும் உங்கள் தப்புதானாம்!

சரி, விமலா விஷயத்துக்கு வருகிறேன். அன்றே ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தவள், "மாவு வேண்டாம்னு சொன்னேனேங்க்கா" என்றாள்.

"மாவு கொண்டுவரல. அந்த வீடியோவுல பேசுதது எங்க மைனி. அவுக இப்ப உசுரோட இல்ல. ஊசிய நிறுத்துனதாலதான் போயிட்டாக" என்றேன்.

அவள் முகம் அப்படியே இறுகிவிட்டது. "அண்ணன் சொன்னாருங்க. இப்படி ஆராச்சும் வந்து, அவங்க செத்துட்டாங்க இவங்க செத்துட்டாங்கன்னு பயமுறுத்துவாங்கன்னு."

இறப்புச் சான்றிதழைக் காட்டினேன். அடக்க ஆராதனைப் போட்டோவைக் காட்டினேன். "இதெல்லாம் இப்ப போன்லயே பண்ணிக்கலாமுங்க. அந்தம்மா பேசறதத்தான் நான் கண்ணால பாத்தனே" என்றாள். மைனி, அவள் முட்டாள் இல்லை. உங்களைப் போலவே படித்தவள். சந்தேகப்படவும் தெரிந்திருக்கிறது. ஆனால் அவளுக்குச் சந்தேகத்தைக் கற்றுக்கொடுத்தவனே அவன்தான்: தன்னைத் தவிர உலகத்தில் யாரையும் நம்பாதே என்று.

உள்ளே சோபாவில் நிலா படுத்திருந்தாள். உதடு காய்ந்திருந்தது. பக்கத்தில் இரண்டு பாட்டில் காலி, மூன்றாவதைக் குடித்துக்கொண்டிருந்தாள். நேற்றிலிருந்து ஊசியே போடவில்லை என்று விமலா சொன்னாள். அந்தத் தாகத்தை உங்களிடம் பார்த்திருக்கிறேன்.

இனி எழுதப்போவது அதுவரை உங்களுக்கும் எனக்கும் மட்டுமே தெரிந்த விஷயம். நாம் முதலில் எடுத்த வீடியோ என் போனிலேயே இருந்தது. அழிக்கவும் மனம் வரவில்லை, பார்க்கவும் துணிவில்லை. உங்கள் தம்பிக்குக்கூடக் காட்டியதில்லை. அதை எடுத்து விமலா கையில் கொடுத்தேன்.

அதில் நீங்கள் பாதியில் நிறுத்துகிறீர்கள். "ஏ ஸ்டெல்லா, ருக்கோ, கொஞ்சம் நில்லு. ஊசி நிறுத்துனதுல இருந்து தலை சுத்துது, காலு மரத்துப்போவுது. அதையும் சொல்லணும்ல? சயின்ஸ்னா ரெண்டு பக்கமும் சொல்லணும்."

என் குரல் வருகிறது. "அதெல்லாம் வேண்டாம் மைனி. அண்ணன் நல்லத மட்டுந்தான் கேட்டாரு. மறுபடி முதல்லருந்து சொல்லுங்க."

நீங்கள் ஒரு கணம் என்னைப் பார்க்கிறீர்கள். பிறகு தலையாட்டிவிட்டு, "நான் ரிட்டயர்ட் சயின்ஸ் டீச்சர்" என்று ஆரம்பிக்கிறீர்கள். அதிலிருந்துதான் வெட்டி அனுப்பினேன். நீங்கள் ஏன் கேட்கவில்லை என்று மேலே பெரிதாக எழுதியிருக்கிறேனே, அது அநியாயம். நீங்கள் கேட்டீர்கள், மைனி. தமிழிலேயே கேட்டீர்கள்.

விமலா இரண்டு தடவை பார்த்தாள். "இது உங்க கொரலுங்களா?"

"ஆமா."

"நீங்கதான் வேண்டாம்னு சொன்னீங்களா?"

"நாந்தான்."

பொய் சொல்ல வந்தவள் தன்னையே இப்படிக் காட்டிக்கொடுக்க மாட்டாள் என்று விமலா நினைத்தாளோ என்னவோ, எழுந்து போய் அலமாரியிலிருந்து சுகர் மீட்டரை எடுத்து வந்தாள். நிலாவின் விரலில் குத்தியதும் மீட்டரில் எண்ணே வரவில்லை. அளவுக்கு மேல் போய்விட்டது என்பதற்கான இரண்டு எழுத்து மட்டும் வந்தது. ஆட்டோவுக்குக்கூடக் காத்திருக்கவில்லை, ஸ்கூட்டியில் பிள்ளையை நடுவில் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

நான்கு நாள் இருந்து வீட்டுக்கு வந்துவிட்டாள். நேற்று தோசை கேட்டாளாம். ஆனால் ஆஸ்பத்திரி வராந்தாவில் விமலா என்னிடம் கேட்ட கேள்வி இன்னும் வயிறெரிய வைக்கிறது. "அண்ணன்கிட்ட என்னன்னு சொல்றதுங்க்கா? அவரு மனசு சங்கடப்படுமே." பிள்ளை உள்ளே டிரிப்ஸில் கிடக்கிறது, அவன் மனசு சங்கடப்படக்கூடாதாம்! நான் போட்ட சத்தத்தில் நர்ஸ் வந்து என்னை வெளியே அனுப்பிவிட்டாள்.

அன்று சாயங்காலம் டேனியலுக்கும் போட்டுக் காட்டினேன். முழுவதும் பார்த்தார். "அக்கா கேட்ருக்கா. நீதான் விடல" என்றார். ஆமாம் என்றேன். இரண்டு நாள் நான் சமைத்ததைத் தொடவில்லை. மூன்றாம் நாள் போலீஸ் புகாரை மராத்தியில் அவரே எழுதிக்கொண்டு வந்து நீட்டினார். "சைன் போடு. வீடியோ எடுத்தது, வெட்டுனது எல்லாம் நீன்னு எழுதிருக்கேன்." போட்டேன். அவர் என்னை மன்னிப்பாரா என்று தெரியவில்லை. நீங்கள் மன்னிப்பீர்களா?

முழு வீடியோவையும் எல்லாருக்கும் அனுப்பிவிட்டேன். சபைக் குரூப், மாவு வாங்கும் வீடுகள், ஒன்று விடவில்லை. மூன்று வீட்டில் மாவை நிறுத்திவிட்டார்கள். ஒருத்தி 'கொலைகாரி' என்று எழுதினாள், படித்துவிட்டு வைத்துவிட்டேன். தளேகாவிலிருந்து முன்பின் தெரியாத ஒரு அம்மா போன் செய்து, தன் வீட்டுக்காரரைத் திரும்ப டாக்டரிடம் கூட்டிப்போவதாகச் சொன்னார்.

சபைப் பெண்கள் வந்து, "உன் குரல் வர்ற இடத்தை மட்டும் எடுத்துட்டுப் போடலாமே ஸ்டெல்லா, உனக்கு எதுக்கு இந்த அவமானம்?" என்றார்கள். மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அவன் அனுப்புகிற துண்டு எந்த ஊருக்குப் போனாலும் இந்த முழுசு பின்னாலேயே போகும். நீங்கள் தலை சுற்றுகிறது என்று சொல்வதும், வேண்டாம் என்று நான் உங்கள் வாயை அடைப்பதும் அப்படியே இருக்கும். இனி உங்கள் பேச்சில் ஒரு சொல்லைக்கூட யாரையும் வெட்ட விட மாட்டேன், மைனி. நானும் வெட்ட மாட்டேன்.

அன்று நீங்கள் சொன்னதைக் காதில் வாங்காத,
உங்கள் தம்பி மனைவி
ஸ்டெல்லா