கண்காட்சியில் இரண்டு பெண்கள்

கிசுமி
1972 மார்ச் 5

அன்புத் தங்கை மிட்சுயேவுக்கு,

உங்கள் நீகாதாவில் கடற்காற்று இன்னும் கடிக்கிறதா? இங்கே பனி உருகித் தெருவெல்லாம் சேறு. மாப்பிள்ளை டென்கிச்சியின் முதுகுவலி எப்படி இருக்கிறது? படகுக்கு அடியில் படுத்துக்கொண்டே வேலை செய்தால் வலிக்காமல் என்ன செய்யும்? நீ அனுப்பிய கருவாடு வந்து சேர்ந்தது. உன் அண்ணி பாதியை அக்கம்பக்கத்தில் கொடுத்துவிட்டாள். மீதியை நான் ஒளித்து வைத்திருக்கிறேன்.

ஒரு நல்ல செய்தி. ஓரிஹாரா குலத்தைப் பற்றி எங்கள் ஊர் வரலாற்று மன்றம் ஏப்ரலில் ஒரு கண்காட்சி வைக்கிறது. சமூகக் கூடத்தின் மாடியில், சின்னதாகத்தான். வேலையெல்லாம் என் தலையில். பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தும்போதுகூடக் கவசமும் தலைக்கவசமும்தான் கண்ணில் நிற்கின்றன.

அம்மா பிறந்த வீட்டார் அந்தக் குலத்திடம் பரம்பரையாகப் போர்ச்சேவகம் செய்தவர்கள். கோட்டை விழுந்த நாளில், எதிரி கையில் சிக்கக் கூடாது என்று தன் இரண்டு பெண்களையும் கொன்று தானும் செத்த ஓயிட்டோ அம்மாளின் கதையை அம்மா உனக்கும் சொல்லியிருப்பாள். என்னைத் தூங்கவைக்கும்போதெல்லாம் அதைத்தான் சொல்வாள்.

கடைசி மூலையில் நம் அம்மாவுக்கும் ஒரு விளக்க அட்டை வைக்க நினைக்கிறேன். 1945இல், நம் வீட்டார் குடியேறியிருந்த மஞ்சூரியாவில் ரஷ்யப் படை நெருங்கியபோது அவள் செய்ததும் அதேதானே. அப்போது நான் இங்கே சித்தப்பா வீட்டில் படித்துக்கொண்டிருந்தேன். அப்பா போர்முனையில். பக்கத்தில் இருந்து மிஞ்சியவள் நீ ஒருத்திதான். அம்மா கடைசியாக என்ன சொன்னாள்? ஒரே ஒரு வரி போதும், எழுதி அனுப்பு.

உன் பதிலுக்காகத் தபால்காரனைப் பார்த்துக்கொண்டிருக்கும்
அண்ணன்
ஷிகேயுகி

* * *

நீகாதா
மார்ச் 14

அன்புள்ள அண்ணாவுக்கு,

ஒளித்து வைத்த கருவாட்டைப் பூனை தின்னும்முன் தின்றுவிடுங்கள். இவருக்கு முதுகு தேவலை. வாய்தான் ஓயவில்லை. எனக்குச் சலவைக்கடையில் கஞ்சித்தண்ணீரில் கைவைத்துக் கைவைத்து விரலெல்லாம் வெடிப்பு. அதனால் எழுத்து கோணலாக இருந்தால் வாத்தியார் மன்னிக்கவும்.

கண்காட்சி நன்றாக நடக்கட்டும். கவசத்தை வையுங்கள், வாளை வையுங்கள், ஓரிஹாரா பிரபு சோறு தின்ற கிண்ணம் கிடைத்தால் அதையும் வையுங்கள். அம்மாவை மட்டும் வைக்க வேண்டாம்.

நீங்கள் கேட்ட ஒரு வரியை நான் தரமாட்டேன். அது சுவரில் எழுதி வைக்கிற வார்த்தை இல்லை. எனக்கு இருபது வயதில் உங்களிடம் சொல்ல வந்தேன். நீங்கள் எழுந்து கதவைச் சாத்திவிட்டு, "சாப்டலாம் வா"ன்னு கூப்பிட்டீர்கள். அப்போது கேட்காதது இப்போது எதற்கு?

கெஞ்சிக் கேட்கிறேன் அண்ணா. அந்த மூலையைக் காலியாக விடுங்கள். ஒரு பூச்சாடி வைத்தாலும் போதும்.

அண்ணிக்கு என் அன்பு.

உங்கள் தங்கை
மிட்சுயே

* * *

கிசுமி
ஏப்ரல் 22

அன்புள்ள மிட்சுயே,

திறப்பு விழா முடிந்தது. செர்ரி பூத்திருந்ததால் கோட்டை மேட்டுக்கு வந்த கூட்டமெல்லாம் அப்படியே மாடியேறி வந்துவிட்டது. அம்மாவின் அட்டையை ஊர்த்தலைவர் சத்தமாக வாசித்தார். பெண்கள் கைக்குட்டையை எடுத்தார்கள். நான் தலை குனிந்து நின்றேன். அம்மாவுக்கு ஒரு மகன் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டேன் என்று இருந்தது.

உன் பேச்சை மீறிவிட்டேன் என்று கோபித்துக்கொள்ளாதே. நீ எழுதி அனுப்பாததால், அம்மா என்ன சொல்லியிருப்பாள் என்று நானே யோசித்து எழுதினேன். இடம் குறைவு, சங்கதி அதிகம். அங்கங்கே கொஞ்சம் சீராக்க வேண்டியிருந்தது.

நீ மெனக்கெட்டு வர வேண்டாம். இரண்டு ரயில் மாற வேண்டும். உனக்கு வேலையில் லீவு கிடைப்பதும் கஷ்டம். எல்லாம் முடிந்ததும் நானே படம் எடுத்து அனுப்புகிறேன்.

அண்ணன்
ஷிகேயுகி

* * *

நீகாதா
மே 2

அண்ணாவுக்கு,

"வர வேண்டாம்" என்று நீங்கள் எழுதியதால்தான் வந்தேன். இதுவரை ஒரு தடவைகூட நீங்கள் அப்படி எழுதியதில்லை. நீங்கள் பள்ளிக்கூடத்தில் இருக்கும் நேரமாகப் பார்த்து வந்தேன். ஓரிரு தடவைக்கு மேல் உங்கள் ஊருக்கு நான் வந்ததில்லை, அங்கே என்னை யாருக்கும் தெரியாதது வசதியாகப் போயிற்று.

செருப்பைக் கழற்றிவிட்டு மாடியேறினேன். வாசலில் மேசை போட்டு உட்கார்ந்திருந்த பருத்த அம்மாள், "மூச்சு வாங்குதே, மொதல்ல ஒரு வாய் டீ குடிங்க"ன்னு கையில் கோப்பையைத் திணித்தாள். நல்ல மனுஷி. அவளே கூட வந்து காட்டினாள். பூச்சி அரித்த கவசம், துருப்பிடித்த அம்புமுனைகள், ஓரிஹாரா பிரபு கையெழுத்துப் போட்ட பத்திரம். எல்லாம் பழைய சாமான் கடை மாதிரி நெருக்கியடித்துக்கொண்டு இருந்தன. ஆனாலும் துடைத்துச் சுத்தமாக வைத்திருக்கிறீர்கள். அது உங்கள் கை என்று தெரிந்தது.

பிறகு அந்தப் பொம்மைகள். ஓயிட்டோ அம்மாளும் இரண்டு பெண்களும். துணிக்கடையிலிருந்து இரவல் வாங்கியதாமே. பெண்கள் இரண்டும் முழங்கால் மடித்துக் கைகூப்பி உட்கார்ந்திருந்தன. வாயில் லேசான சிரிப்பு வேறு. கடைப் பொம்மை, பாவம், அதற்கு வேறென்ன தெரியும்?

அந்த அம்மாள் சொன்னாள்: "ஒரு சொட்டுக் கண்ணீர் கெடையாதாம். கழுத்த நீட்டிக்கிட்டு அப்படியே உக்காந்திருந்துச்சுங்களாம். எம் பேத்திய ஒரு ஊசி போட உக்கார வைக்க முடியல, போங்க!"

அதற்கு அடுத்ததாக அம்மாவின் அட்டை. அதை இரண்டு தடவை படித்தேன். 'தன் பெண்கள் மிட்சுயே, ஃபுகி இருவரையும் முதலில் வழியனுப்பிவிட்டு, விழும்போது உடல் அலங்கோலமாகாதபடி முழங்கால்களைக் கயிற்றால் கட்டிக்கொண்டு, தானும் சென்றாள்' என்று எழுதியிருக்கிறீர்கள். ஓயிட்டோவுக்கு இரண்டு பெண்கள், அதனால் அம்மாவுக்கும் இரண்டு. இதற்குப் பெயர்தான் சீராக்குவதா அண்ணா?

"பெரிய பொண்ணுக்கு என்ன வயசு?"ன்னு கேட்டேன். எனக்கே என் குரல் வேறு யாருடையதோ போல இருந்தது.

"ஒம்பதாம். பேரு மிட்சுயே. எங்க வாத்தியாரோட தங்கச்சிங்கதான் ரெண்டும். பாவம், மனுஷன் ஒத்தையா நின்னுட்டாரு. நீங்க ஏம்மா இப்படி வெளுத்துப் போயிட்டீங்க? உக்காருங்க, உக்காருங்க."

உட்கார்ந்தேன். இன்னொரு டீ குடித்தேன். நான் செத்துப்போனதை எனக்கே சொல்லிவிட்டு, அதற்காக எனக்கே ஆறுதலும் சொன்னாள்.

இனி நான் சொல்வதைக் கேளுங்கள். எழுந்து கதவைச் சாத்த இது வாயால் சொல்வதில்லை.

அம்மா தன் முழங்காலைக் கட்டிக்கொள்ளவில்லை. அந்தக் கயிற்றால் ஃபுகியின் கையைக் கட்டினாள். நாலு வயதுக் குழந்தை, கத்தியைப் பார்த்ததும் துள்ளியது. "நான் ஆடாம இருக்கேம்மா, கட்ட வேணாம்மா"ன்னு அவள் சொன்னாள். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. நீங்கள் கேட்ட கடைசி வரி அதுதான். அம்மா வாயே திறக்கவில்லை. ஃபுகிதான் பேசினாள். ஒரே தடவையில் முடியவில்லை. பிறகு அம்மா என் பக்கம் திரும்பினாள். நான் பின்வாசல் வழியாகச் சோளக்காட்டுக்குள் ஓடினேன். ஃபுகி அப்போதும் என்னைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

அம்மாவை நான் திட்டவில்லை. பயத்தில் செய்தாள். அவளுக்கு அந்த ஒரு கதைதான் தெரியும், அதையே செய்தாள். அதே கதையை இப்போது பள்ளிப் பிள்ளைகளை அங்கே வரிசையாக நிறுத்தி நீங்கள் சொல்கிறீர்களாம், அந்த அம்மாள் சொன்னாள். அதைத்தான் என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

அட்டையை எடுத்துவிடுங்கள். எடுக்க மனம் வராவிட்டால், ஒரு பெண் உயிரோடு இருக்கிறாள் என்றாவது எழுதுங்கள். நான் கேட்பது அவ்வளவுதான்.

மிட்சுயே

* * *

கிசுமி
மே 9

மிட்சுயே,

ஒன்பது வயதுக் குழந்தைக்கு என்ன நினைவிருக்கும்? பயத்தில் எதை எதையோ பார்த்திருப்பாய்.

ஒருத்தி தப்பி ஓடினாள் என்று எழுதினால், அம்மா பாதியில் தோற்றவள் ஆகிவிடுவாள். ஓயிட்டோவின் பெயருக்குப் பக்கத்தில் அவள் பெயரை வைக்க முடியாது. ரஷ்யர்கள் கைதியாகப் பிடித்துப்போன அப்பாவைச் சைபீரியாவில் எங்கே புதைத்தார்கள் என்றுகூட எனக்குத் தெரியாது. அம்மாவின் சாம்பல்கூட வரவில்லை. அம்மா என்று என்னிடம் இருப்பது இந்த ஒன்றுதான். இதையும் பிடுங்கத்தான் வேண்டுமா?

நீ உயிரோடு இருக்கிறாய், அது போதாதா? ஒரு அட்டையில் செத்தால் என்ன குறைந்துவிடும்?

ஷிகேயுகி

* * *

கிசுமி
ஜூலை 20

அன்புள்ள மிட்சுயே,

உன்னிடமிருந்து பதிலே இல்லை. போன கடிதத்தை அப்படி எழுதியிருக்கக் கூடாது. தபால்பெட்டியில் போட்டதுமே கையை உள்ளே விட்டு எடுக்கலாமா என்று இருந்தது.

இப்போது ஒரு சங்கடம். உன்னிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

கண்காட்சி பார்த்த மாதர் சங்கத்துப் பெண்கள் சிலர் ஊதுபத்தி ஏற்ற வீட்டுக்கு வந்தார்கள். பூசை மாடத்தைத் திறந்து காட்டினேன். அப்பா, அம்மா, ஃபுகி என்று செத்த மூவருக்கும் பெயர் எழுதி நிறுத்திய கட்டைகள் இருந்தன. அந்தப் பருத்த அம்மாள், உனக்கு டீ கொடுத்தவள்தான், "வாத்தியாரே, பெரிய பொண்ணுக்குக் கட்டை வைக்கலையா? மறந்துட்டீங்களா?"ன்னு கேட்டுவிட்டாள்.

உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தேன். சத்தியமாகத் திறந்தேன். அவர்கள் ஏழெட்டுப் பேரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். "வசதிப்படல"ன்னு சொல்லிவிட்டேன்.

அவ்வளவுதான். சங்கத்தார் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு, கோயிலில் சொல்லி, கறுப்பு மெருகு பூசித் தங்க எழுத்தில் ஒரு கட்டை செய்து கொண்டுவந்துவிட்டார்கள். புதிதாக வந்திருக்கும் சாமியார், செத்தவர்களுக்குச் சூட்டும் புதுப்பெயராக, உனக்கு நல்ல பெயர்தான் வைத்திருக்கிறார், 'தெளிந்த நிலவொளி' என்று பொருள் வரும்படி. வேண்டாம் என்று மறுக்க எனக்குத் தைரியம் வரவில்லை. குனிந்து இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன்.

உன் அண்ணி என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். கட்டை துணிக்குள் அலமாரியில் கிடக்கிறது. ஓபோன் வருகிறது. செத்தவர்கள் வீட்டுக்கு வரும் நாளில் அந்தப் பெண்களும் வருவார்கள். மாடத்தில் அது இல்லாவிட்டால் கேட்பார்கள். வைக்கவோ எனக்குக் கை வரவில்லை. வெறும் மரம்தானே என்று சொல்லிப் பார்க்கிறேன், மனம் கேட்கவில்லை.

நீ வேண்டாம் என்றால் எல்லோரையும் கூட்டி வைத்துச் சொல்லிவிடுகிறேன். அதன் பிறகு இந்த ஊரில் நான் தலைகாட்ட முடியாது. ஆனாலும் சொல்லிவிடுகிறேன். நீதான் சொல்ல வேண்டும்.

உன் அண்ணன்
ஷிகேயுகி

* * *

நீகாதா
ஆகஸ்ட் 3

அண்ணாவுக்கு,

கடிதத்தைப் படித்துவிட்டு இவர் ரயிலேறி வந்து உங்களை உதைக்கப் போவதாகக் குதித்தார். நான்தான் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தேன்.

எனக்கும் முதலில் கோபம்தான். சலவைக்கடையில் ஒரு நல்ல சட்டையைத் தீய்த்துவிட்டேன். பிறகு அழுதேன். அழுது முடித்ததும் ஒன்று தோன்றியது.

நீங்கள் ஊரைக் கூட்ட வேண்டாம். யாரிடமும் எதுவும் சொல்ல வேண்டாம். எனக்காகத் தலைகுனிந்து நிற்கவும் வேண்டாம், நின்றாலும் நான் பார்க்க வரப் போவதில்லை. கட்டையை வெளியே எடுங்கள். மாடத்தில் வையுங்கள். இனி நான் எழுத மாட்டேன், நீங்களும் எழுதாதீர்கள். செத்தவளுக்கு யாரும் கடிதம் போடுவதில்லை.

ஒன்றே ஒன்று கேட்கிறேன், அதை மட்டும் மறுக்காதீர்கள். முன்பு ஒரு தடவை உங்கள் வீட்டுக்கு வந்தபோது பார்த்திருக்கிறேன், ஃபுகியின் கட்டையை அம்மாவை ஒட்டினாற்போல் வைத்திருக்கிறீர்கள். அதைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். நடுவில் என்னை வையுங்கள், அம்மாவைப் பார்த்தாற்போல். ஃபுகி என் முதுகுக்குப் பின்னால் இருக்கட்டும்.

அன்றைக்கு நான் அங்கே நிற்கவில்லை.

மிட்சுயே