பொன்னுருக்குக்கு வந்த சீயத்துக் காசு

கிளிநொச்சி
9.6.1961

அன்பு மகன் கனகலிங்கத்துக்கு,

முறிகண்டிப் பிள்ளையார் புண்ணியத்தில் நாங்கள் சுகம், சீய தேசத்துப் பாங்கொக்கில் உன் சுகத்துக்கும் குறைவிருக்காது என்று நம்புகிறேன். சிறுபோகம் விதைத்தாயிற்று, சிவப்பிப் பசு நாம்பன் கன்று போட்டிருக்கிறது, தம்பி யோகநாதனின் கல்யாணத்துக்கு இன்னும் ஒன்பது நாள்.

புதன்கிழமை எங்கள் வீட்டில் பொன்னுருக்கு. நீ பதிவுத் தபாலில் அனுப்பிய 'சீயத்துத் தங்கப் பவுணை' உருக்கித்தான் தாலி செய்யவேண்டும் என்று தம்பி ஒற்றைக்காலில் நின்றான். கையில் எடுத்தபோதே எனக்குக் கனம் போதவில்லை, அந்த நாட்டுப் பவுண் இப்படித்தான் போலும் என்றிருந்தேன், பெரிய கம்பனியில் பெரிய உத்தியோகம் பார்க்கிற மகான் பொய் எழுதுவாரா? பத்தர் உரைகல்லில் இழுத்துத் திராவகம் ஒரு துளி விட்டார், கோடு நுரைத்து அழிந்துபோயிற்று. "இது செம்பும் அலுமினியமும் கலந்த காசு, ஐயா" என்றார். பெண்ணின் தகப்பன் அப்புத்துரை அதை வாங்கி, ஒரு பக்கம் அரசர் தலை, மறுபக்கம் முடியும் கேடயமும் என்று சபைக்கெல்லாம் காட்டிவிட்டு, "என்ரை பிள்ளைக்குச் செம்புக்குடத்தை உருக்கித் தாலி செய்யப் போறியளோ?" என்று எழுந்துவிட்டார். இருபத்தைந்து சதாங்காம், அங்கே தேத்தண்ணிக் கடையில் கொடுக்கிற சில்லறையாம், விஞ்ஞான வாத்தியார் பிறகு சொன்னார். அச்சும் அழகு, மினுக்கமும் அழகு, உன் கடிதங்களைப்போல. உன்னிடம் பொன் கேட்டது யார்? கையில் ஒன்றுமில்லை அப்பா என்று ஒரு வரி எழுத உன் கௌரவம் விடவில்லை, அவ்வளவுதான். தூ.

நல்ல நேரம் போய்க்கொண்டிருந்தது. அம்மா தன் காப்பைக் கழற்றித் தட்டில் வைத்தாள். நான் எழுந்து, கண் தெரியாத கிழவன், பெட்டிக்குள் கிடந்த வேறு காசை மாறி எடுத்துவிட்டேன், பெரியவன் அனுப்பிய பவுண் வீட்டுக்குள் எங்கேயோ தவறிவிட்டது என்று சொன்னேன். அப்புத்துரை சிரித்துக்கொண்டு திரும்பவும் பாயில் இருந்துவிட்டார். இப்போது துணுக்காய் வரைக்கும் என் மறதிதான் கதை.

வெயிலில் அலையாதே, தலைக்கு எண்ணெய் வை, கடவுள் உன்னைக் காப்பார். பொன்னுருக்கிய மாப்பிள்ளை படலை தாண்டக்கூடாது என்பதால் தம்பி வீட்டோடுதான் இருக்கிறான். புதன்கிழமை தொடங்கி அலுமாரியை இழுத்து, நெல்மூட்டைகளை அவிழ்த்து, அண்ணை தந்த பவுணைத் தேடுகிறான். அவனுக்குச் சொல்ல என்னால் முடியவில்லை. தாலி கட்டுமுன் நீயே அவனுக்கு எழுது.

இப்படிக்கு,
உன் அப்பா
ஏரம்பு