குளுக்கோஸை நான்தான் குப்பையில போட்டேன்

நான்தாம்மா, உன் புருஷன், வயசு இருபத்தாறு, இப்ப வாசல்ல ஒத்தக் கால் செருப்போட நிக்கிறேன். பேசுறது நான், எழுதுறது போன். நீயும் பாப்பாவும் தூங்குறீங்க, எழுப்பல.

இந்த ஊர் பாஷை நமக்குச் சரியா வராதுன்னு ஆஸ்பத்திரி மொழிபெயர்ப்பாளர் போன்ல கூப்பிட்டாரு. பாப்பாவுக்குப் பிறந்ததுமே சர்க்கரை வந்ததுக்குக் காரணம் ஜீன்ல ஒரு சின்ன மாற்றமாம். அது தானா வந்ததாம். நீ மாசமா இருந்தப்ப குடிச்ச டீ இல்லையாம். "மூணு ஸ்பூன் போட்டியே"ன்னு நேத்து கத்தினேன்ல, அத மறந்துடு.

இந்த வகைக்கு ஊசிக்குப் பதிலா மாத்திரையே போதுமாம்! பதினோரு மணிக்கு நர்ஸக்கா வீட்டுக்கே வந்து முதல் மாத்திரையக் கரைச்சுக் கொடுப்பாங்க. சர்க்கரை சடார்னு இறங்கினா கொடுக்க, ஆஸ்பத்திரில முன்னாடி தந்த குளுக்கோஸ் ஜெல் டியூப் கையில இருக்கணுமாம்.

"பத்திரமா இருக்கு சார்"னுட்டேன். சர்க்கரை வியாதி வீட்ல குளுக்கோஸ் எதுக்குன்னு திங்கக்கிழமை தூக்கிப் போட்டதே நான்தான். நம்ம சீனி டப்பாவையும் சேர்த்துதான். புதுசு வாங்க மருந்துக்கடைக்கு ஓடுறேன்.

நர்ஸக்கா டியூப் எங்கன்னு கேட்டா, பாஷை புரியாத மாதிரி சிரிச்சுக்கிட்டே இரு.

வேணாம், நான் குப்பையில போட்டுட்டேன்னு தெரிஞ்ச அரைகுறை பாஷையில உண்மையவே சொல்லிடு. நான் வர்ற வரைக்கும் பாப்பாவுக்கு மாத்திரை கொடுக்க விடாத.