சிவப்புக் கோட்டைச் சரி பண்ணிட்டேன்

கோவத்தோட தூங்குறவளுக்கு,

ஆஸ்பத்திரி ரிப்போர்ட் டைப் பண்றப்போ சுருக்கப் பேருக்கெல்லாம் சிவப்புக் கோடு வருதுன்னு நீ புலம்பினே. கேப்பிடல்ல இருக்கற எதையும் கண்டுக்காதேன்னு ஸ்பெல் செக்கை மாத்தி வச்சது நான்தான். ரிப்போர்ட்ல வர்ற எச்சரிக்கை வரியையும் நீ கேப்பிடல்லதான் அடிப்பேன்னு எனக்குத் தோணவே இல்ல. அதுல கோடு வராம விட்டுப்போன எழுத்துத் தப்புக்கு நேத்து டாக்டர்கிட்ட நீ வாங்கிக் கட்டிக்கிட்டே. அப்புறமும் 'இதெல்லாம் ஒரு விஷயமா'ன்னு கேட்டேன் பாரு, அது அதைவிடப் பெரிய தப்பு.

காலைல பழையபடி மாத்திட்டேன். உன் நீல நோட்டுல இருக்கற அறுபத்துமூணு சுருக்கத்தையும் ஒவ்வொண்ணா ஸ்பெல் செக் அகராதில சேர்த்துட்டேன். பழைய ரிப்போர்ட்டைத் திறந்து பார்த்தேன். நிஜமான தப்புக்கு மட்டும்தான் கோடு வருது.

சாப்பாடு மூடி வச்சிருக்கேன், சூடு பண்ணிக்கோ. பதினொரு மணிக்குக் குழாய் ரிப்பேர்க்காரர் வருவார். என்னைப் பத்தி அவர்கிட்ட புலம்பாதே, போன தடவையே பாவமாப் பார்த்தார்.

பி.கு.: அந்த அகராதில நீயாச் சேர்த்த முதல் வார்த்தை, நீ எனக்கு வச்ச பேரு. நேத்து கோவத்துல எடுத்திருப்பியோன்னு பயந்துக்கிட்டேதான் தேடினேன். இருக்கு.

கோந்து