அண்ணாந்து பார்க்கும் முகம்

ஜூன் 8, 2025, ஞாயிறு

வார ஓய்வு. மகள் இசைவாணி விடுதிக்குப் போகும்போது அலமாரியில் விட்டுப்போன களிமண் பாக்கெட்டைப் பிரித்தேன். கல்லூரி புராஜெக்ட்டுக்கு வாங்கியதாம். சாப்பிட்டுப் படுக்கலாம் என்றுதான் இருந்தேன், கை சும்மா இருக்கவில்லை. உருட்டி, அமுக்கி, விரலால் இரண்டு கண் குழித்தேன். ஒரு தலை வந்துவிட்டது! மனிதத் தலைதான், சந்தேகமே இல்லை.

தனம் எட்டிப் பார்த்தாள். "என்னாங்க, உருளக்கெழங்குக்குக் கண்ணு வச்சிட்டிங்களா?"

சிரித்துவிட்டேன். ஆனாலும் அதைக் கலைக்க மனசு வரவில்லை. கண்டக்டர் வேலை. கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் நின்றுகொண்டே போய் வருகிறேன். சாயங்காலம் வீடு திரும்பினால், இது நான் செய்தது என்று காட்ட ஒன்றும் இருக்காது. இன்று ஒன்று இருக்கிறது.

ஜூன் 9, திங்கள்

மாடி வெயிலில் காய வைத்தேன். வெடித்துவிட்டது. மூக்கு தனியாகக் கிடக்கிறது.

ஜூன் 22, ஞாயிறு

போனில் வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டது: தலையை உள்ளே குடைந்துவிட வேண்டும். ஈரத்துணி போர்த்தி நிழலில் மெல்லக் காய விட வேண்டும். போன வாரம் தனத்தோடு திருவதிகை கோயிலுக்குப் போனபோது, பானை செய்கிறவரிடம் ஒரு சாக்கு மண்ணும் வாங்கி வந்தாயிற்று.

இப்போது வெடிப்பதில்லை. வேறு தொல்லை. இசைவாணியைச் செய்தேன், என் மூக்கு வந்தது. தனத்தைச் செய்தேன், என் தாடையும் சேர்ந்து வந்தது.

"மீச ஒண்ணுதான் கொற. அதயும் வச்சிடுங்க" என்றாள்.

ஜூலை 2, புதன்

ராஜமாணிக்கம் வந்திருந்தான். தனத்தின் தம்பி, நான் போகும் பஸ்ஸின் டிரைவரும் அவன்தான். வரிசையாக இருந்த தலைகளைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தான். "மாமா, எல்லாம் நீயேதான் இருக்க! பஸ்ஸுக்கு ஒரு கண்டக்டர் போதும் மாமா!"

தனத்துக்கும் வாய் வந்துவிட்டது. குளியலறைக் குழாயில் மண் அடைத்துக்கொண்டதாம், வீடு முழுக்கச் சேறாம். கடைசியில் அவளே தீர்ப்புச் சொன்னாள். "பஸ்ல கொண்டுபோய் வைய்யுங்க. யாருன்னு நீங்க சொல்லாம ஒருத்தராவது கண்டுபுடிக்கட்டும். இல்லன்னா அந்த சாக்க அப்பிடியே ஆத்துல கொட்டிடணும்."

"கண்டுபுடிச்சா?"

"அந்தத் தலய என் டாஷ்போர்டுல வச்சே வண்டி ஓட்டறேன், போதுமா?" என்றான் ராஜமாணிக்கம்.

சரி என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன்? எனக்கு இந்த மண் வேண்டும். வெளியில் சொன்னால் சிரிப்பார்கள், ஆனால் வேண்டும்.

ஜூலை 6, ஞாயிறு

மறுபடியும் மூணு தலை. மூணும் நானேதான். எனக்கு இது வராது போல... போவட்டும்.

ஜூலை 10, வியாழன்

இல்லை, போகவில்லை!

இன்று மாலை சிதம்பரத்தில் ராசம்மாள் அக்கா ஏறினார். பஸ் ஸ்டாண்டில் அவித்த வேர்க்கடலை விற்பவர், எங்கள் பக்கத்துப் பேச்சில் மல்லாட்டை. தினமும் காலிக் கூடையோடு முன் சீட்டில் உட்கார்ந்து, என்னை அண்ணாந்து பார்த்து அதே கேள்வியைக் கேட்பார். "தம்பி, மேட்டாண்ட நிறுத்துவியா?" ஆலப்பாக்கத்துக்கு முன்னால் இருக்கும் மேடு. அங்கே நிறுத்தம் கிடையாது. ராஜமாணிக்கம் தினமும் முணுமுணுத்துக்கொண்டே நிறுத்துவான்.

அவர் கேட்கும்போதுதான் உறைத்தது. நான் யாருடைய முகத்தையும் நேருக்கு நேர் பார்ப்பதே இல்லை! நேராகப் பார்ப்பது கண்ணாடியில் என் முகத்தை மட்டும்தான். மற்றவர்களை எல்லாம் நின்றுகொண்டு மேலிருந்து பார்க்கிறேன். வகிடு, தூக்கிய புருவம், எதையோ கேட்கத் திறந்த வாய். எனக்குத் தெரிந்த முகங்கள் இவைதான். வீடியோக்காரன் நேராகச் செய்கிறான் என்று நானும் நேராகச் செய்துகொண்டிருந்தேன், மடையன்.

ஜூலை 13, ஞாயிறு

மணையைத் தரையில் போட்டு அதன்மேல் மண்ணை வைத்தேன். பஸ்ஸில் நிற்பதுபோல நின்று பார்ப்பேன், குனிந்து செய்வேன், மறுபடி எழுந்து பார்ப்பேன். இடுப்பு விட்டுப்போயிற்று. சாயங்காலம் அந்த முகம் கீழிருந்து என்னை அண்ணாந்து பார்த்தது. நான் எதுவும் எழுதப் போவதில்லை. கண் பட்டுவிடும்.

ஜூலை 28, திங்கள்

நன்றாகக் காய்ந்துவிட்டது. காலை டிரிப்பில் என்ஜின் பெட்டிமேல் துண்டு விரித்து வைத்தேன்.

ஒருவர், "எந்த ஊரு அம்மன்?" என்றார். இன்னொருவர், "உங்க அம்மாவா சார்?" ராஜமாணிக்கம் கண்ணாடியில் என்னைப் பார்த்துப் பல்லைக் காட்டினான். புதுச்சத்திரம் தாண்டியும் ஒருத்தருக்கும் தெரியவில்லை. சாக்கை எந்தப் பாலத்தில் கொட்டுவது என்றுகூட யோசித்துவிட்டேன்.

முட்லூரில் பிரிசில்லா ஏறினாள். தினமும் சிதம்பரத்துக்கு வேலைக்குப் போய், மாலையில் எங்கள் பஸ்ஸிலேயே திரும்பும் நர்ஸ். பையை இறக்கி வைத்தவள் அப்படியே நின்றுவிட்டாள். "ஐய்யோ, மல்லாட்ட அக்கா! மேட்டாண்ட நிறுத்துவியான்னு கேக்கறாங்க பாருங்களேன்!"

என்னை அறியாமல் விசிலை ஊதிவிட்டேன். ராஜமாணிக்கம் நடு ரோட்டில் பிரேக் அடித்தான். "என்னா மாமா? யாரு எறங்கறாங்க?"

"யாரும் எறங்கல! போ மச்சான், போ!"

பஸ்ஸே சிரித்தது. எனக்குக் கண்ணில் தண்ணீர்.

மாலையில் ராசம்மாள் அக்கா ஏறி, தன் முகத்தைத் தானே வெகுநேரம் பார்த்தார். "வாய் இம்மாம் பெருசாவா இருக்குது?" என்றார். பிறகு முகத்தைத் தூக்கிக் காட்டினார். "மூக்குத்திய வுட்டுட்டியே தம்பி. இந்தப் பக்கம். நாளைக்கே வச்சிடு."

ஜூலை 29, செவ்வாய்

ஒரு வெள்ளைப் பாசிமணியை ஒட்டினேன். தலை டாஷ்போர்டுக்குப் போனது, ராஜமாணிக்கத்தைப் பார்த்தபடி.

ஆகஸ்ட் 6, புதன்

வீட்டுக்கு வந்தால் சாக்கின்மேல் ஈரத்துணி கிடக்கிறது. நான் போடவில்லை. தனத்திடம் கேட்டேன். "காஞ்சி போவுமில்ல?" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

இன்று மாலை டிரிப்பில் ராசம்மாள் அக்கா வாயைத் திறப்பதற்குள் பஸ் மேட்டருகே நின்றுவிட்டது. நான் விசில் கொடுக்கவில்லை. என்ன மச்சான் என்று கேட்டேன்.

டாஷ்போர்டைக் காட்டினான். "இந்தம்மா சிதம்பரத்துலேர்ந்து கேட்டுக்கினே வருது மாமா. நிறுத்தாம எப்பிடிப் போறது?"