இருபது பேருக்கும் முழு மதிப்பெண்

வியாழன், திருமுல்கேரி

அரசு அதிகாரிகளுக்கான மூன்று நாள் கணினிப் பயிற்சி இன்று முடிந்தது. ஓடிபியை யாருக்கும் கொடுக்காதீர்கள் என்று தொண்டை வறளக் கத்தியிருந்தேன். கடைசி ஆன்லைன் தேர்வில் இருபது பேருக்கும் முழு மதிப்பெண். எனக்குத் தலைகால் புரியவில்லை. வாழ்த்தப் போனால் எல்லோரும் வெளியே டீ குடித்துக்கொண்டிருக்கிறார்கள். அறையில் அவர்களுடைய ஆபீஸ் ஒப்பந்த ஆபரேட்டர் ஸ்டெல்லா அக்கா மட்டும். இருபது தேர்வையும் எழுதியது அவர்தான்.

"எதுக்கு சார் கோபம்? டெய்லி அவங்க வேலையெல்லாம் நான்தானே பண்றேன். ஓடிபிய அவங்களே வாட்ஸாப்ல அனுப்பிருவாங்க."

ஓடிபியை யாரிடம் சொல்லலாம் என்ற கேள்விக்கு இருபது முறையும் 'யாரிடமும் கூடாது' என்று சரியாகக் குறித்திருக்கிறார்.

ஒப்பந்த ஊழியர் என்பதால் பட்டியலில் அவர் பெயர் இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு சான்றிதழ்களில் கையெழுத்துப் போட்டேன். இருபதையும் அவர்தான் வாங்கிக்கொண்டு போனார்.